கல்லூரிக் கூடைப்பந்து அணிக்கு அசிஸ்டென்ட் கோச் எடுப்பது எப்படி? நெல்லைச் சீமைக்கான முழு வழிகாட்டி

ஓர் அணியில் பன்னிரண்டு பேர். ஆட்டம் சூடுபிடித்தால் தலைமைக் கோச்சின் கண் கோர்ட்டில் நிற்கும் ஐந்து பேரை விட்டு நகராது, நகரவும் கூடாது. பென்ச்சில் இருக்கும் ஏழு பேரை யார் பார்ப்பது? பயிற்சியிலும் இதே கதைதான். நன்றாக ஆடுகிறவன் பக்கம்தான் கோச்சின் குரல் போகும். எட்டாவது, ஒன்பதாவது பையன் ஒரு மாதம் முழுக்கத் தன் பெயரைக் கோச் வாயிலிருந்து கேட்காமலே பந்து பொறுக்கிப் போட்டுவிட்டு ஹாஸ்டலுக்குத் திரும்புவான். முதல் ஐந்து பேரில் ஒருவனுக்கு ஐந்து ஃபவுல் விழுந்து வெளியேறும் நாளில், அந்த எட்டாவது பையனைத்தான் உள்ளே அனுப்பியாக வேண்டும்.

அசிஸ்டென்ட் என்பவர் ஆறாவது பையனிலிருந்து பன்னிரண்டாவது பையன் வரைக்குமான கோச். இதை மனதில் வைத்து ஆள் தேடினால், யாரை எடுக்கலாம், யாரை எடுக்கக் கூடாது என்பது தானே தெளிவாகிவிடும்.

எப்போது தொடங்குவது

பிப்ரவரியில். பலர் ஜூனில் கல்லூரி திறந்த பிறகு தேடத் தொடங்கி, ஆகஸ்ட்டில் ஆளைப் போடுகிறார்கள். நம் பக்கத்துக் கணக்கு வேறு. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு இடையேயான போட்டிகள் பெரும்பாலும் ஒற்றைப்படை செமஸ்டரில் வந்து விழும். வெளிக் கோர்ட்டில் ஆடும் கல்லூரிக்கு ஐப்பசி அடைமழை தொடங்கினால் பயிற்சி படுத்துவிடும். ஆக, கையில் இருப்பது ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை, பதினாறு பதினேழு வாரம். ஆகஸ்ட் நடுவில் வருகிறவருக்கு அதில் பாதிக்கு மேல் மிஞ்சாது.

இன்னொரு காரணமும் உண்டு. ஆளைக் கோர்ட்டில் வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் பையன்கள் ஊரில் இருக்க வேண்டும். ஏப்ரலில் தேர்வு நெருங்கிவிடும், மே மாதம் ஹாஸ்டல் காலி. பிப்ரவரியில் தேவையை எழுதி, மார்ச்சில் டிரையல் வைத்து, மே மாதத்துக்குள் ஆர்டர் கையில் கொடுத்துவிடுவதுதான் சரி.

முதல் வேலை: உங்கள் ஓட்டையைக் கண்டுபிடியுங்கள்

ஆள் தேடுவதற்கு முன் ஒரு வாரம் ஒரு நோட்டு போடுங்கள். பன்னிரண்டு பெயரையும் வரிசையாக எழுதி, பயிற்சியில் ஒருவனைப் பெயர் சொல்லித் திருத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு. நீங்களே போட முடியாது; காலில் அடிபட்டு உட்கார்ந்திருக்கும் பையனைப் போடச் சொல்லுங்கள். ஆறு நாள் கழித்துப் பார்த்தால் யாரிடம் நீங்கள் பேசவே இல்லை என்பது தாளில் தெரியும்.

பக்கத்துப் பக்கத்தில், செய்ய நினைத்துச் செய்யாமல் விட்ட வேலைகளை எழுதுங்கள். ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும், யாரும் தடுக்காத ஷாட்) எண்ணிக்கை, உயரமான பையன்களுக்குத் தனியாக போஸ்ட் மூவ் (ரிங்குக்குப் பக்கத்தில் பந்து வாங்கித் திரும்பி ஆடும் முறை), ஆட்ட வீடியோ, எதிரணியைப் பார்த்துக் குறிப்பெடுப்பது. நம் கல்லூரிகளில் பெரும்பாலும் பி.டி. சாரேதான் தலைமைக் கோச். கபடி, வாலிபால், தடகளம், விளையாட்டு விழா, போட்டிக்குப் போகும் பையன்களுக்கு வருகை கேட்கும் ஓ.டி. கடிதம் எல்லாம் அவர் தலையில். விட்டுப்போன வேலைகளின் பட்டியல் நீளமாகத்தான் இருக்கும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்த இரண்டு பக்கமும்தான் உங்களுக்கு எந்த மாதிரி ஆள் வேண்டும் என்று சொல்லும். நீங்கள் கார்டாக (பந்தை ஓட்டி வந்து ஆட்டத்தை நடத்துகிறவராக) ஆடி வந்தவர் என்றால், உயரமான பையன்களுக்குக் கால் வேலை சொல்லித்தரத் தெரிந்தவரைத் தேடுங்கள். உங்களைப் போலவே இன்னொருவரை எடுத்தால் ஒரே விஷயம் இரண்டு குரலில் கேட்கும், அவ்வளவுதான்.

வேலைத் தாள்

ஒரு பக்கம் போதும். நேரம்: காலை 6 முதல் 7.45, மாலை 4.15 முதல் 6.30, வாரம் ஆறு நாள். கூட்டினால் வாரத்துக்கு 24 மணி நேரம். போட்டி நாட்கள் தனி. மாலை முடியும் நேரத்தை அம்பாசமுத்திரம், தென்காசி, வள்ளியூர்ப் பக்கம் போகும் பையன்களின் பஸ் நேரத்தைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அசிஸ்டென்ட்டும் அந்தப் பக்கத்துக்காரராக இருந்தால் காலை ஆறு மணிக்கு வந்து சேர முடியுமா என்று இப்போதே கேட்டுவிடுவது நல்லது.

அந்தத் தாளில் மூன்று வேலையாவது முழுக்க அவருடையதாக இருக்க வேண்டும். உதாரணமாக, ஆறு முதல் பன்னிரண்டு வரை உள்ளவர்களின் டிஃபென்ஸ், அணி முழுவதின் ஃப்ரீ த்ரோ கணக்கு, எதிரணிக் குறிப்பு. இவற்றில் நீங்கள் கை வைக்க மாட்டீர்கள் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். எது அவர் வேலை இல்லை என்பதையும் எழுதுங்கள்: ஆபீஸுக்கு ஃபைல் தூக்குவது, மற்ற விளையாட்டுக்கு அம்பயராக நிற்பது, கல்லூரி விழாவுக்கு நாற்காலி போட ஆள் திரட்டுவது. இதை எழுதாமல் விட்டால் செப்டம்பருக்குள் கோச் எடுபிடி ஆகிவிடுவார். நல்ல ஆட்கள் டிசம்பரில் விலகிப்போவதற்குப் பெரும்பாலும் சம்பளத்தைவிட இதுதான் காரணம்.

நிர்வாகத்திடம் பேச வேண்டியது

அரசு உதவிபெறும் கல்லூரியில் இப்படியொரு பணியிடம் பெரும்பாலும் நிர்வாகப் பணத்திலோ சுயநிதிப் பிரிவுக் கணக்கிலோதான் வரும். செயலரிடமும் முதல்வரிடமும் ஒரே நாளில் நான்கு கேள்விக்குப் பதில் வாங்கிவிடுங்கள். எத்தனை மாதத்துக்கு ஆர்டர்? மே மாதச் சம்பளம் உண்டா? வெளியூர்ப் போட்டிக்குப் போனால் பயணப்படியும் சாப்பாட்டுப் படியும் எந்தக் கணக்கில்? அவர் விலகினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு?

மே மாதச் சம்பளம் சின்ன விஷயமாகத் தோன்றும். மே மாதம் சேராத ஆர்டரில் வருகிறவர் ஏப்ரல் கடைசியில் வேறு இடம் தேடத் தொடங்குவார். விளையாட்டு இட ஒதுக்கீட்டில் புதுப் பையன்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டிய மே, ஜூனில் ஆள் இருக்க மாட்டார். பன்னிரண்டு மாத ஆர்டர் வாங்க முடிந்தால் சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் வாங்குங்கள்.

எங்கே தேடுவது

திருச்செந்தூரில் டாக்டர் சிவந்தி ஆதித்தனார் உடற்கல்வியியல் கல்லூரி இருக்கிறது. பி.பி.எட்., எம்.பி.எட். முடிக்கப்போகிறவர்களில் கூடைப்பந்தைத் தன் விளையாட்டாக வைத்திருப்பவர்களை அங்கே கேட்கலாம். பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டு அரங்கத்தில் மாலை நேரம் யார் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று போய் நின்று பாருங்கள். கூலி வாங்காமலே பத்து வயசுப் பிள்ளைக்கு டிரிப்ளிங் கற்றுக்கொடுப்பவர், சொல்லித்தரும் ஆசை உள்ளவர். அந்த ஆசையைச் சான்றிதழ் காட்டாது. உங்கள் பழைய மாணவர்கள், ரயில்வே, காவல்துறை அணிகளில் ஆடி முடித்து ஊர் திரும்பியவர்கள் ஆகியோரையும் விட்டுவிடாதீர்கள்.

பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் படிப்பு என்று சொல்லி வந்தால் எந்தப் படிப்பு என்று கேளுங்கள். பயிற்சியாளர் டிப்ளமா வேறு, ஆறு வாரச் சான்றிதழ் படிப்பு வேறு. இரண்டையுமே பொதுவாக ‘என்.ஐ.எஸ்.’ என்றுதான் சொல்வார்கள். மூலச் சான்றிதழைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஆறு வாரம் படித்தவர் மட்டம் என்று அர்த்தமில்லை. எதைப் படித்தார் என்பதை நேராகச் சொல்கிறாரா என்பதுதான் முக்கியம்.

ஆட்டத்தில் பெரிய பெயர் எடுத்தவர் வந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். அவர்களில் சிலர் பயிற்சியின்போது தாங்களே பந்தை எடுத்து ஆட இறங்கிவிடுவார்கள். பையன்கள் வாய் பிளந்து பார்ப்பார்கள். யாரும் எதையும் கற்றுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

டிரையல்: அறையில் அல்ல, கோர்ட்டில்

நேர்காணலில் எல்லாரும் நன்றாகப் பேசுவார்கள். மூன்று பேரைத் தேர்ந்து, ஆளுக்கொரு மாலை கொடுங்கள். மூன்று பேரையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். பையன்கள் களைத்திருக்கும்போது வருகிறவருக்கு அநியாயம் நடந்துவிடும். வந்துபோகும் பஸ் காசும் சாப்பாடும் கல்லூரி கொடுக்கட்டும்.

முதல் இருபது நிமிடம்: உங்கள் பென்ச் ஏழு பேர், அரைக் கோர்ட், நான்கு பந்து. தலைப்பை அங்கேயே சொல்லுங்கள், ‘குளோஸ் அவுட்’ என்று. ஷூட் செய்யப்போகிறவனை நோக்கி ஓடிச் சென்று தடுக்கும் இந்த வேலை, பார்க்கச் சுலபம், சொல்லிக்கொடுக்கக் கடினம். கையில் கடிகாரத்தோடு ஓரமாக உட்காருங்கள். முதல் பந்து அசைய எவ்வளவு நேரம் ஆனது? இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசினால் குறித்துக்கொள்ளுங்கள். ஏழு பேரையும் ஒரே வரிசையில் நிறுத்தினாரா? அப்படியானால் ஒருவன் ஆட ஆறு பேர் வேடிக்கை பார்ப்பார்கள். விஷயம் தெரிந்தவர் மூன்று மூன்றாகப் பிரித்து, மிஞ்சிய ஒருவனைப் பாஸ் கொடுக்க வைத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுவார்.

பிறகு திருத்தும் விதம். ஏழு பேரில் பலவீனமான பையனைக் கவனியுங்கள். அவன் வேகமாக ஓடிவருவான், காலை நீட்டி நிமிர்ந்து நிற்பான், பந்து வைத்திருப்பவன் அவனைத் தாண்டி ஒரே டிரிபிளில் போய்விடுவான். “இன்னும் வேகமா ஓடுலே!” என்று கத்துகிறவர் தவற்றைப் பார்க்கவில்லை, அவன் ஏற்கெனவே வேகமாகத்தான் வந்தான். “கடைசி ரெண்டு எட்ட சின்னதா வைலே, முட்டிய மடக்கு, குதிங்கால் தரையில படப்பிடாது” என்று சொல்லி, தானே ஒருமுறை குனிந்து காட்டி, அவனை மூன்று முறை செய்யவைத்து, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அவனிடம் வந்து பார்க்கிறாரே, அவரை எழுதிக்கொள்ளுங்கள். அந்த மறுபடி வருவதுதான் வேலையே.

பன்னிரண்டாவது நிமிடத்தில் ஒரு தொந்தரவு கொடுங்கள். “சார், வாலிபால் காரங்களுக்கு இந்தப் பக்கம் வேணுமாம், ரெண்டு பந்தும் வேணும்” என்று ஒருவனை அனுப்புங்கள். முகம் சுளிக்காமல் அரை நிமிடத்தில் பயிற்சியைச் சுருக்கி மாற்றுகிறவருக்கு, ஆடிக் காற்றில் மண் அடித்து ரிங்கே ஆடும் நாளிலும் பயிற்சி நடத்தத் தெரியும்.

அடுத்து வீடியோ. உங்கள் அணியின் ஏதாவதொரு ஆட்டத்தில் ஒரு குவார்ட்டர், பத்து நிமிடம். ஒரே முறை ஓடவிட்டு மூன்று விஷயம் எழுதச் சொல்லுங்கள். ‘டீம் ஒர்க் பத்தாது’ என்று எழுதினால் அவர் ஒன்றும் பார்க்கவில்லை. ‘ஏழாம் நம்பர் இடப்பக்கம் ஒரு தடவைகூடப் போகவில்லை’, ‘ஷாட் போனதும் மூன்று பேர் ரிங்கைப் பார்த்து நிற்கிறார்கள், யாரும் பாக்ஸ் அவுட் (எதிராளியை முதுகால் தடுத்து ரிங்கிலிருந்து தள்ளி வைப்பது) செய்யவில்லை’ என்று எழுதினால் கண் இருக்கிறது.

கடைசியாக, பையன்களை ஐந்துக்கு ஐந்து ஆடவிட்டு நடுவில் ஒரு டைம்-அவுட்டை அவரிடம் கொடுங்கள். விதிப்படி டைம்-அவுட் ஒரு நிமிடம். ஐம்பதாவது விநாடியில் மேஜையிலிருந்து ஒலி வந்துவிடும். பையன்கள் வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்து மூச்சு வாங்குவதைக் கழித்தால் பேசக் கிடைப்பது முப்பது விநாடிதான். இரண்டு விஷயத்துக்கு மேல் சொன்னால் ஒன்றும் நிற்காது.

எல்லாம் முடிந்து அவர் கிளம்பிய பின், ஏழு பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு ஒரே கேள்வி: “இன்னைக்கு என்னலே படிச்ச?” நான்கு பேர் ஒரே விஷயத்தைத் தெளிவாகச் சொன்னால் அவர் கோச். “நல்லா பேசுனாரு சார்” என்று மட்டும் வந்தால் இன்னும் ஒருவரைப் பாருங்கள்.

சிபாரிசும் சாதியும்

நம் சீமையில் இதைப் பேசாமல் இந்த வழிகாட்டி முழுமையாகாது. “நம்ம ஊர்ப் பையன், பாத்துக்கிடுங்க” என்று போன் வரும். வந்தவரும் டிரையலுக்கு வரட்டும், மற்றவர்கள் நடத்திய அதே இருபது நிமிடம் அவருக்கும். டிரையலில் நீங்கள் குறித்த தாளை முதல்வரிடம் கொடுத்துவிட்டால் சிபாரிசு செய்தவருக்குப் பதில் சொல்லவும் கையில் ஒன்று இருக்கும்.

பேசும்போது இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: “பன்னிரண்டாவது இடத்துக்கு ரெண்டு பேர், சம திறமை. ஒருத்தன் உங்க ஊர்க்காரன். யாரை எடுப்பீங்க, எப்படி முடிவு பண்ணுவீங்க?” வருகைப் பதிவு, ஃப்ரீ த்ரோ கணக்கு, பயிற்சி ஆட்டக் குறிப்பு என்று தாளைக் காட்டி முடிவு செய்வேன் என்பவர்தான் வேண்டும். பையன்களிடம் “நீ எந்தத் தெருலே, யார் வீட்டுப் பையன்?” என்று முதல் நாளே விசாரிக்கும் பழக்கம் உள்ளவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் வேண்டாம். பாஸ் யாருக்குப் போகிறது என்பதிலேயே அது ஒரு மாதத்தில் தெரியத் தொடங்கும். கையில் சாதியைக் காட்டும் கலர் கயிறோடு கோர்ட்டில் யாரும் இறங்கக் கூடாது என்பது அசிஸ்டென்ட்டுக்கும் சேர்த்தே விதி.

மாணவியர் அணி என்றால்

முடிந்தவரை பெண் அசிஸ்டென்ட்டை எடுங்கள். ஆண் கோச் என்றால், கூடவே ஒரு பெண் ஆசிரியர் வெளியூர்ப் பயணத்துக்கு வருவது ஆர்டரிலேயே இருக்கட்டும். தொட்டுத் திருத்தக் கூடாது. தன் உடம்பில் செய்து காட்டலாம், இன்னொரு மாணவியை வைத்துக் காட்டலாம். தகவல் எல்லாம் குழு வாட்ஸ்அப்பில் மட்டும், தனிச் செய்தி கிடையாது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்லூரியில் இருக்க வேண்டிய உள் புகார்க் குழுவின் உறுப்பினர் பெயர்களை முதல் நாளே மாணவிகளுக்குச் சொல்லுங்கள், கோச் பக்கத்தில் நிற்கும்போதே. முதலாம் ஆண்டில் பதினெட்டு நிரம்பாதவர்களும் இருப்பார்கள். போக்சோ சட்டம் அவர்களுக்குப் பொருந்தும்.

எந்த அணியானாலும் பழைய இடத்துக்கு ஒரு போன் போடாமல் ஆர்டர் கொடுக்காதீர்கள். “எப்படிப்பட்டவர்?” என்றால் எல்லாரும் நல்லவர் என்பார்கள். “மறுபடி வந்தா எடுப்பீங்களா?” என்று கேட்டுவிட்டு, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையவழிச் சரிபார்ப்புச் சான்றையும் வாங்கிவிடுங்கள்.

பென்ச்சில் யாருக்கு என்ன வேலை

ஆர்டர் கொடுத்த பின் முதல் பயிற்சி ஆட்டத்துக்கு முன்பே இதைப் பேசி முடிக்க வேண்டும். ஆட்டம் நடக்கும்போது தலைமைக் கோச், முதல் அசிஸ்டென்ட் இருவரில் ஒருவர் மட்டுமே எழுந்து நிற்கலாம் என்கிறது ஃபிபா (உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) விதி. இருவரும் எழுந்து கத்துவது பல கல்லூரி ஆட்டங்களில் நடக்கிறது. ரெஃபரி பொறுத்துக்கொள்ளும் வரை சரி, அப்புறம் டெக்னிக்கல், அதாவது நடத்தைக்காக விழும் ஃபவுல்.

அந்த டெக்னிக்கல் யார் கணக்கில் ஏறும் என்பது முக்கியம். பென்ச்சில் யார் வாய் விட்டாலும் ஸ்கோர் ஷீட்டில் தலைமைக் கோச்சின் பெயருக்கு நேராக ‘பி’ என்று விழும். அப்படி மூன்று விழுந்தால் நீங்கள் வெளியே போக வேண்டும். உங்கள் சொந்தத் தவற்றுக்கு ‘சி’. அது இரண்டே போதும். ரெஃபரியிடம் கொதிக்கிற ஆள் எவ்வளவு விஷயம் தெரிந்தவராக இருந்தாலும் உங்களை வெளியே அனுப்பிவிடுவார். பயிற்சி ஆட்டத்தில் வேண்டுமென்றே ஒரு தவறான விசில் ஊதி அவர் முகத்தைப் பாருங்கள்.

அசிஸ்டென்ட் கையில் ஒரு அட்டை, ஒரு பென்சில். அவர் எண்ண வேண்டியது மூன்று. ஒன்று, குவார்ட்டரின் டீம் ஃபவுல்: நான்கு ஆனதும் “நாலு ஆச்சு சார்” என்று உங்களிடம் சொல்ல வேண்டும், ஐந்தாவதிலிருந்து எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டு, நம் பையன்களின் தனி ஃபவுல்: முதல் குவார்ட்டரிலேயே ஒருவனுக்கு இரண்டு விழுந்தால் மாற்று ஆள் தயாராக இருக்க வேண்டும். மூன்று, டைம்-அவுட்: முதல் பாதியில் இரண்டு, இரண்டாம் பாதியில் மூன்று. முதல் பாதியில் மிச்சம் வைத்தது கூட வராது. இரண்டாம் பாதியின் மூன்றையும் சேர்த்து வைத்தாலும் நான்காம் குவார்ட்டரின் கடைசி இரண்டு நிமிடத்தில் இரண்டுக்கு மேல் எடுக்க முடியாது. இந்தக் கடைசி விதியை மறந்து ஒரு டைம்-அவுட்டைத் தூக்கிக் குப்பையில் போடும் அணிகள் நிறைய. அசிஸ்டென்ட் நான்காம் குவார்ட்டரில் மூன்று நிமிடம் மிச்சம் இருக்கும்போதே ஞாபகப்படுத்த வேண்டும்.

டைம்-அவுட்டில் ஒரே குரல், உங்களுடையது. பையன்கள் நடந்து வரும் ஐந்தாறு விநாடிக்குள் அசிஸ்டென்ட் உங்களிடம் ஒரே ஒரு வரி சொல்லலாம். பென்ச்சில் இருப்பவர்களிடம் பேசுவது முழுக்க அவர் வேலை: அடுத்து இறங்கப்போகும் பையனுக்கு யாரைப் பிடிக்க வேண்டும், அந்த ஆள் எந்தக் கையால் டிரிபிள் செய்கிறான் என்பது உள்ளே போகும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

முதல் மாதமும் பிறகும்

ஜூன் முதல் நான்கு வாரம், சனிக்கிழமைப் பயிற்சி முடிந்ததும் அரை மணி நேரம் இருவரும் உட்காருங்கள். பிப்ரவரியில் போட்ட அதே கோட்டு நோட்டைத் திறந்து, ஏழு பேரின் பெயருக்கு நேரே கோடு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் முடிவு ஒன்றுக்கு அவர் மறுப்புச் சொல்லும் இடமும் அதுதான். பையன்கள் முன்னால் மறுக்கக் கூடாது, தனியாக மறுக்காமலும் இருக்கக் கூடாது. நான்கு சனிக்கிழமையும் “சரி சார்” என்றே போனால் நீங்களே கேளுங்கள்: “இந்த வாரம் நான் பண்ணதுல எது தப்பு?”

பையன்கள் அவரை ‘அண்ணே’ என்று கூப்பிடத் தொடங்குவார்கள். நல்லதுதான், உங்களிடம் சொல்லத் தயங்கும் முட்டிவலியையும் வீட்டுக் கஷ்டத்தையும் அவரிடம் சொல்வார்கள். ஆனால் “பெரிய சார் என்னை எறக்கவே மாட்டேங்காரு” என்ற புலம்பல் வந்தால் அவர் தலையாட்டக் கூடாது. “சாரிடமே கேள், நானும் கூட வாரேன்” என்று சொல்ல வேண்டும்.

டி.என்.பி.எஸ்.சி., டி.ஆர்.பி., எஸ்.ஐ. தேர்வு என்று ஏதாவது ஒன்றுக்கு அவர் படித்துக்கொண்டிருப்பார். தடுக்காதீர்கள், மறைக்கவும் விடாதீர்கள். தேர்வு நாட்களைக் காலண்டரில் குறித்துக்கொண்டு விடுப்பு கொடுங்கள். வேலை கிடைத்துக் கிளம்பினால் ஒரு மாத முன்னறிவிப்பு, அந்த மாதத்துக்குள் ஒப்படைக்க வேண்டியவை: ஃப்ரீ த்ரோ நோட்டு, எதிரணித் தாள்கள், ஆட்ட வீடியோக்கள், பந்து அறைச் சாவி, ஏழு பேருக்கும் ஆளுக்கு அரைப் பக்கம். எவன் எந்தக் காலில் குதிக்கிறான், எந்தக் கணுக்கால் முன்பு புரண்டது, எதைச் சொன்னால் கேட்பான், எப்படிச் சொன்னால் முறுக்கிக்கொள்வான் என்று அவர் கையெழுத்தில் இருக்கட்டும். புதிதாக வருகிறவரிடம் முதல் நாள் காலை அந்த ஏழு தாளைக் கொடுத்துவிட்டுக் கோர்ட்டுக்கு அனுப்புங்கள்.